டிஸ்கோ எடிட்டுகளை மொட்டை மாடியில் போடுவது எப்படி (நான் கோட்டை விட்ட இடம் உட்பட)

வெள்ளவத்தையில் மச்சானின் பிறந்தநாள். மொட்டை மாடி, வாடகை ஸ்பீக்கர் இரண்டு, என் லெப்டொப்பில் டிஸ்கோ எடிட்டுகள், அதாவது ஆடுவதற்காக வெட்டி நீட்டிய பழைய பாட்டுகள். முதல் பாட்டின் மேல் இரண்டாவது பாட்டு நுழைந்ததுமே தாளம் குதிரை ஓட்டமாகிவிட்டது. பிறகு உட்கார்ந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

பாட்டு: சின்ன லேபிள்களின் (இசை வெளியீட்டு நிறுவனங்களின்) தொகுப்புகள் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் கிடைக்கும். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பு வடிவில் இறக்குங்கள். வேவ் வேண்டாம், பாட்டின் விவரங்கள் அதில் சரியாக ஒட்டுவதில்லை. யூடியூபில் உருவியது பெரிய ஸ்பீக்கரில் பல்லிளிக்கும்.

மென்பொருள்: ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் போட்டு எழுதும் மிக்ஸ் (Mixxx), பாட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து போட. இலவசம், போதும். அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் முன்கூட்டியே கேட்க, ஹெட்போனுக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி சவுண்ட்கார்ட் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடுங்கள்.

இனி என்னைக் கவிழ்த்த இடம். எடிட் என்பது பழைய பாட்டை வெட்டி, ஆடுவதற்கு வசதியாக டிரம் பகுதியை நீட்டுவது. 1976-இல் சால்சோல் லேபிளுக்காக நியூயோர்க் டிஜே வால்டர் கிப்பன்ஸ் ஒரு மூன்று நிமிடப் பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு மேல் இழுத்தார். கடைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் இசைத்தட்டு அதுதான் என்பார்கள். அந்தக் காலத்தில் டிரம் வாசித்தது மனிதன். கோரஸ் வந்தால் உற்சாகத்தில் கொஞ்சம் ஓடுவார். மென்பொருளோ பாட்டு முழுவதற்கும் ஒரே வேகம் என்று எண்ணி 118 பிபிஎம் (நிமிடத்துக்கு 118 அடி) என்று எழுதிவிடும். அரை பிபிஎம் பிசகினாலும் ஒரு நிமிடத்தில் அரை அடி விலகும். அதாவது ஒரு பாட்டின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் விழும். அதுதான் என் குதிரை.

ஆகவே இரு பாட்டுகளின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பாதீர்கள். பாட்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் மென்பொருள் அடிகளுக்குப் போடும் கோடுகள் கிக் டிரம்மின் (தாழ்ந்த ‘தம்’ அடியின்) மேல் நிற்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால், குரல் இல்லாத டிரம் பகுதியில் 16 அடிக்கு ஒரு லூப் போடுங்கள். அதே துண்டு திரும்பத் திரும்ப வருவதால் வேகம் அசையாது. அடுத்த பாட்டை அதன் மேல் நிதானமாக ஏற்றி, அப்புறம் பழையதை இறக்கலாம். 120 பாட்டை 60 என்று காட்டினால் பதறவேண்டாம், இரட்டிப்பாக்கினால் சரி.

பின்சேர்க்கை: "பைலா கேட்டால் என்ன செய்வது?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். கேட்காமல் இருப்பார்களா, இது கொழும்பு! பைலா எங்கள் இலங்கை ஆட்டப் பாட்டு, தாளம் 6/8; டிஸ்கோவின் தாளம் 4/4. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் அலங்கோலம். டிஸ்கோவைச் சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பைலாவைப் போடுங்கள். ஆனால் கடைசியாகப் போடுங்கள். அதற்குப் பிறகு யாரும் டிஸ்கோவுக்குத் திரும்ப மாட்டார்கள், என் மச்சான் உட்பட.