வண்டு பிடித்த அரிசியை மண்புழுப் பெட்டிக்குப் போடுவது எப்படி (ஒருமுறை கெடுத்துப் பார்த்த பிறகு)

எங்கள் வீட்டில் அரிசியைக் குப்பையில் போடுவது நடக்காத காரியம். போட்டால் அம்மா திரும்ப எடுத்து வைத்துவிடுவார். அப்படிப் போத்தல் போத்தலாகச் சேர்ந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: வண்டு பிடித்த நாட்டரிசி, கட்டி விழுந்த குரக்கன் மா, அந்து நூல் கட்டிய இடியப்ப மா, ஆரோக்கியமாக வாழப்போகிறேன் என்று நான் வாங்கி யாரும் தொடாத ஓட்ஸ். இருப்பதோ வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. கோழி இல்லை, மாடு இல்லை. காகத்துக்குப் போட்டால் கீழ்மாடி அன்ரியின் உடுப்புக் கொடியில் எச்சம். மிஞ்சியது பல்கனியில் இருக்கும் மண்புழுப் பெட்டி மட்டும்.

பெட்டிக்குத் துளை போடுவது, தும்புத்தூள் நனைப்பது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. மரக்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் சிக்கலில்லாமல் தின்கிற, குறைந்தது இரண்டு மாதம் ஓடிய பெட்டி ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையது இரண்டு அடி நீளப் பிளாஸ்டிக் பெட்டி, புழு சுமார் அரைக் கிலோ. அளவுகளை இதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த வேலை

சித்திரை வருடப்பிறப்புக்கு அம்மா குசினித் தட்டுகளைத் துடைத்தபோது வறுத்த அரிசிமா ஒரு பை வெளியே வந்தது. முழுக்க வண்டு. "புழு தின்னும்தானே, கொண்டுபோய்ப் போடு பிள்ளை" என்றார். நானும் இரண்டு சுண்டு மாவை அள்ளிப் பெட்டியில் கொட்டி, கையால் நன்றாகக் கிளறி, மேலே தண்ணீர் தெளித்து மூடிவிட்டேன். இந்த நான்கு செயலில் நான்குமே பிழை.

மறுநாள் காலை மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் கையை வைத்தேன். புட்டுப் பானைக்கு மேல் வைத்ததுபோல் சூடு. கொழும்பில் ஏப்ரல் வெயில் ஒரு பக்கம், உள்ளே மா நொதித்து எழுப்பிய சூடு இன்னொரு பக்கம். புளித்த தோசைமாவும் கள்ளும் கலந்த மணம். கீழே தங்கிய புழுக்களில் சில வழக்கம்போல் ஒரே சீராக இல்லாமல், இடையிடையே வீங்கி இடையிடையே சுருங்கி, பாசிமணி கோர்த்தது போல் கிடந்தன. மாவும் புரதமும் அளவுக்கு மிஞ்சிப் புளித்து, அதைத் தின்ற புழுவின் குடலுக்குள்ளும் நொதித்தால் உடல் இப்படி ஆகும். அந்த நிலைக்கு வந்த புழு பெரும்பாலும் பிழைப்பதில்லை. என்னுடையவை பிழைக்கவில்லை.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் லேசு. மண்புழுவுக்குப் பல் இல்லை. உணவை நேரே கடிப்பதில்லை. நுண்ணுயிர்கள் மென்மையாக்கியதை உறிஞ்சி, கோழிக்கு இருப்பது போன்ற அரைப்பையில் மணல் துகளோடு சேர்த்து அரைக்கிறது. வாழைப்பழத்தோலில் பெரும்பகுதி தண்ணீர், அது மெல்லத்தான் அழுகும். தானியம் அப்படியில்லை. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதில் விருந்துக்கு வந்தது போல் கூடிவிடும், சூடு ஏறும். 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் உரப்புழுக்கள் பலவற்றுக்கு உயிராபத்து. நம் ஊரில் நிழலிலேயே 30, 31 இருக்கும்போது நமக்கு விளையாட இடம் நான்கு பாகைதான்.

சரி, இனிச் செய்முறை.

படி 1: உறைய வை

வண்டு பிடித்த தானியத்தை ஒரு பையில் இறுக்கிக் கட்டி, பிரிஜ்ஜின் மேல்தட்டில், ஐஸ் கட்டுகிற பகுதியில், நான்கு நாள் வையுங்கள். வண்டும் உள்ளிருக்கும் முட்டையும் செத்துவிடும். இதைத் தவிர்த்தால் அவை பல்கனியிலிருந்து நடந்து திரும்பவும் அரிசி வாளிக்கே வந்து சேரும். அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

படி 2: அரை

முழு அரிசியைப் போட்டால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பயறு, கடலை என்றால் முளைத்துக் கொடி விடும். பார்க்க அழகு, புழுவுக்குப் பிரயோசனமில்லை. அதனால் தூளாக்க வேண்டும். பிளெண்டரோடு வரும் சின்ன மசாலா ஜாடிதான் இதற்குச் சரி. பெரிய ஜாடியில் அரைத்தால் பாதி தூளாகும், பாதி அடியில் முழுசாகச் சுற்றிக்கொண்டிருக்கும். விலை கூடிய "கொம்போஸ்ட் அரைப்பான்" எதுவும் வேண்டாம். அரைத்ததை இடியப்ப மா அரிக்கும் அரிதட்டில் ஒருமுறை அரித்துக்கொள்ளுங்கள். (அம்மா பார்க்காத நேரத்தில்.)

படி 3: முட்டைக்கோது

தானியத்தூள் நான்கு பங்குக்கு, காயவைத்து மாப்போல் அரைத்த முட்டைக்கோது ஒரு பங்கு. கோது சுண்ணாம்புச் சத்து. புளிப்பைத் தணிக்கும், புழுவின் அரைப்பைக்குத் தேவையான துகளும் அதிலேயே கிடைக்கும். கையால் நொறுக்கிய கோது போதாது, அது மாதக்கணக்கில் கோதாகவே கிடக்கும். இந்தக் கலவையை மூடி இறுகின போத்தலில் காய்ந்தபடி வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

படி 4: தூவு. இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்

அரைக் கிலோ புழுவுக்கு ஒரு மேசைக்கரண்டி. தட்டையான ஒரு கரண்டி, குவித்தது அல்ல. பார்க்க அநியாயத்துக்குக் குறைவாகத் தெரியும். நானும் முதலில் "இது என்ன, பச்சைக் குழந்தைக்கு மருந்தா?" என்று நினைத்தேன். மருந்து என்று நினைத்தே கொடுங்கள்.

பெட்டியின் ஒரு மூலையில், உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு, முகத்துக்குப் பவுடர் பூசியது போல் மெல்லிய படலமாக மேற்பரப்பில் தூவுங்கள். கீழே தெரியும் தும்புத்தூளின் நிறம் முழுக்க மறையக் கூடாது. மறைந்தால் கூடிவிட்டது. கிளற வேண்டாம், புதைக்க வேண்டாம். மேலே இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். புதைத்தால் உள்ளேயே அடுப்பு மூட்டியது மாதிரி. தண்ணீரும் ஊற்ற வேண்டாம், புழு இருக்கும் தும்புத்தூள் படுக்கையின் ஈரமே போதும். ஒரு பிடி படுக்கையைப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வர வேண்டும். தாரையாக வடிந்தால் அன்றைக்குத் தானியமே வேண்டாம், கிழித்த பழைய பேப்பரைப் போட்டு ஈரத்தை உறிஞ்ச விடுங்கள்.

தூவிய மூலைக்கு எதிர் மூலையைச் சும்மா விடுங்கள். புழுவுக்குப் பிடிக்காவிட்டால் ஓடி ஒதுங்க ஓர் இடம் இருக்கட்டும். என் பெட்டியை நான் முழுக்கக் கிளறியதால் அவற்றுக்கு மூடியைத் தவிரப் போக்கிடம் இருக்கவில்லை.

படி 5: காத்திரு

அடுத்த நாள் தூளின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சுபோல் படரும். பயப்பட வேண்டாம், நல்லது. மூன்றாம் நாள் இரவு டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பாருங்கள் (வெள்ளை வெளிச்சத்துக்குப் புழு ஒளிந்துவிடும்). அந்த மூலையில் நூற்றுக்கணக்கில் மொய்த்திருக்கும். தூவிய இடம் கறுத்து, தேயிலைத்தூள் போன்ற எச்சமாக மாறிய பிறகுதான் அடுத்த கரண்டி. என் பெட்டியில் அதற்கு நான்கு ஐந்து நாள் எடுக்கிறது. இடையில் வழக்கமான மரக்கறிக் கழிவு போகட்டும், தானியம் அதற்கு மேலதிகம்தான்.

குரக்கனும் அரிசியும் தவிடும் பிரச்சினை தருவதில்லை. உழுந்து, கடலை, பருப்பில் புரதம் அதிகம், அரைக் கரண்டியோடு நிறுத்துங்கள். ஓட்ஸ் என் புழுக்களுக்கு மிகவும் பிடித்தது. அவையாவது ஆரோக்கியமாக இருக்கட்டும்.

பெட்டி ஏற்கனவே சூடேறிவிட்டால்

மூடியைக் கழற்றுங்கள். மாப் படிந்த பகுதியைக் கரண்டியால் அள்ளி அகற்றுங்கள். ஒட்டிய புழுக்கள் போனாலும் பரவாயில்லை. புதிதாக நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை ஒரு பக்கம் நிரப்பி, கோதுத்தூள் தூவி, மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் உணவே வேண்டாம். நான் இப்படிச் செய்து பாதிப் புழுக்களைக் காப்பாற்றினேன், பெட்டி பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது.

ஒரு விஷயம்: புழு மேலே ஏறுவதெல்லாம் சூட்டால் அல்ல. நம் பக்கம் கிடைக்கும் பெரியோனிக்ஸ் வகைப் புழு பெருமழைக்கு முன்பும் சுவர் ஏறும். அந்த நேரம் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்து, புளிப்பு மணமும் இல்லாவிட்டால் வானத்தைக் குற்றம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: எறும்பு

இந்தப் பதிவை முதலில் போட்டபோது, பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள் என்று எழுதியிருந்தேன். பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி, "கொழும்பில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? என் கிண்ணத்தில் நுளம்புக் குடம்பி நெளிகிறது" என்று கேட்டிருந்தார். நியாயம். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறந்துவிடும். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் புழு வளர்க்கிறேன் என்று விளக்கம் சொல்லித் தப்பவும் முடியாது. அந்த வரியை நீக்கிவிட்டேன். இப்போது கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் பூசுகிறேன், தூசி படிந்தால் துடைத்துத் திரும்பப் பூச வேண்டும். பெட்டி சுவரைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு இது தெரிய ஒரு வாரம் எடுத்தது. எறும்பு கால் வழியாக வரவில்லை, சாத்தி வைத்திருந்த விளக்குமாறு வழியாக வந்தது.

இன்னொரு பின்சேர்க்கை: "வெள்ளையாக ஏதோ ஊர்கிறது"

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மெல்ல ஊதிப் பாருங்கள். துள்ளினால் அவை வால்துள்ளிப் பூச்சிகள், தீங்கில்லை, விட்டுவிடுங்கள். துள்ளாமல் ஊசிமுனை உருண்டைகளாக மெதுவாக ஊர்ந்தால் சிற்றுண்ணி. தானியம் கூடிவிட்டது, ஈரமும் கூடிவிட்டது என்று அர்த்தம். புழுவைக் கொல்லாவிட்டாலும் அதன் சாப்பாட்டில் பங்கு கேட்கும். நனைத்த பாண் துண்டு ஒன்றை இரவு மேலே வைத்து, விடிய அதில் மொய்த்ததோடு எடுத்துக் கொதிநீரில் போடுங்கள். நான்கைந்து இரவு செய்ய வேண்டியிருக்கும். அதுவரை தானியப் போத்தலைத் தொடாதீர்கள்.

கடைசியாக, சமைத்த சோறு போடலாமா என்ற கேள்வி. உப்பும் எண்ணெயும் படாத வெறுஞ்சோறு என்றால், கழுவி, வடித்து, கிழித்த பேப்பரோடு பிசைந்து கைப்பிடியில் பாதி போடலாம். கட்டியாகப் போட்டால் காற்றுப் புகாமல் நாறும். மிஞ்சிய கொத்துரொட்டி வேண்டாம். புரியாணி வேண்டவே வேண்டாம்.