கிளிசரியா விறகுத் தோட்டம்: நடுவதும் வெட்டுவதும் காயவைப்பதும்

அவிசாவளை, பாதுக்கை, ஹங்வெல்லைப் பக்கம் 40 பேர்ச்சஸ் காணி சும்மா கிடந்தால், கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே விறகுத் தோட்டம் வைக்கலாம். தேயிலைத் தொழிற்சாலைகளும் பொயிலர் ஓட்டும் மற்றத் தொழிற்சாலைகளும் விறகு வாங்குகின்றன. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அறிவிக்கப்பட்டது கிளிசரியாதான். வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம் இது. கட்டை பிழைத்திருக்கும்வரை விறகு வரும்.

1. காணி. நல்ல வெயில் வேண்டும். அடர்ந்த இறப்பர் நிழலில் வராது. தென்னைக்கு நடுவே என்றால் தென்னையடியிலிருந்து 6 அடிக்கு மேல் தள்ளி நடுங்கள். துப்புரவாக்கும்போது பலா, ஈரப்பலாவில் கைவைக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும்.

2. தடி. பட்டை பழுப்பேறிய முற்றிய கொப்பில், ஒன்று முதல் ஒன்றரை அங்குலப் பருமனில், 3 அடி நீளத் தடிகள் வெட்டுங்கள். அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. மீற்றருக்கு ஒன்றாக நட்டால் 40 பேர்ச்சஸுக்கு ஏறக்குறைய 1,000 தடி. அலவாங்கால் ஓரடிக் குழி போட்டு, தடியை இறக்கி, காற்று நிற்காமல் மண்ணை மிதித்து இறுக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கவே கூடாது. அடிப்பட்டை உரிந்துவிடும், வேர் வருவது அந்த இடத்தில்தான். மழை தொடங்கும் மே மாதமோ ஒக்டோபரோ நடுங்கள்.

சரிவிலும் காற்று அடிக்கும் இடத்திலும் தடி வேண்டாம், விதைக்கன்று வையுங்கள். தடிக்கு ஆணிவேர் இல்லை, சாய்ந்துவிடும்.

3. முதல் வெட்டு. பலரும் தோட்டத்தைக் கெடுப்பது இங்கேதான். 12 முதல் 18 மாதத்தில், நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் வெட்டுங்கள். கத்தியை மேலிருந்து கீழே போட்டால் கட்டை பிளக்கும். பிளவில் தண்ணீர் இறங்கி அழுகல் பிடிக்கும், பின்னால் கறையான் வரும். புதுத் துளிர் வெட்டுவாய்க்குச் சற்றுக் கீழே பட்டைக்குள்ளிருந்து வருவதால், பட்டை கழன்ற பக்கம் துளிர்க்காது. கீழிருந்து மேலாக, சாய்வாக, ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அதற்குத் தீட்டிய மன்னாக் கத்தி போதும். 2 அங்குலத்துக்கு மேல் பருத்தால் கைவாள் எடுங்கள். சின்னக் காணிக்குச் செயின்சோ தேவையே இல்லை, அது பட்டையைக் கிழிக்கும்.

எட்டு மாதத்துக்கொருமுறை வெட்டலாம் என்பார்கள். ஈரவலயத்தில் அந்தக் கணக்கு அடைமழையில் கொண்டுபோய் விடும், விறகு காயாது. காணியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைப் பெப்ரவரிக் கடைசியிலும் மறு பாதியை ஓகஸ்டிலும், ஆண்டுக்கு ஒரு தடவை வெட்டுவதே நல்லது. விறகுக்கு வெயில் கிடைக்கும், துளிருக்குப் பின்னால் மழை கிடைக்கும்.

4. துளிர் கழித்தல். இரண்டு மாதத்தில் கட்டையைச் சுற்றிப் பத்துக்கு மேல் துளிர் நிற்கும். நாலு பக்கமும் பார்த்து மூன்று நான்கை விட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் சுள்ளிதான் மிஞ்சும். வெட்டிய இலையைக் காணியிலேயே போடுங்கள், அல்லது ஆடு மாட்டுக்குக் கொடுங்கள். தழைச்சத்தை மரம் தானே சேர்க்கும். பொட்டாசியம் விறகோடு போய்விடும், அதனால் அடுப்புச் சாம்பலைக் கட்டையடியில் தூவுங்கள்.

5. காயவைத்தல். பச்சை விறகில் பாதி தண்ணீர். 1,000 கிலோவை 20 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 625 கிலோதான் நிற்கும். பச்சை விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 8 மெகாஜூல் வெப்பம் தரும், காய்ந்தது 14 தரும். இரண்டுக்கும் ஒரே விலை பேசாதீர்கள். நிலத்தில் படாமல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். தார்ப்பாயால் முழுக்க மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பின்சேர்க்கை: “ஈரமானி 25 காட்டுகிறது, வாங்குபவர் 20 என்கிறார், ஏமாற்றா?” என்று பலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. ஊசி வைத்த ஈரமானி தண்ணீரைக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிடுகிறது, பொயிலர்காரர் மொத்த எடையோடு ஒப்பிடுகிறார். 100 கிலோ காய்ந்த மரத்தில் 25 கிலோ தண்ணீர் இருந்தால் மொத்தம் 125; அதில் 25 என்பது 20 சதவீதம். விலை பேசுமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.