சோலார் பொருத்திய வீட்டை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்திய வீட்டை விற்க முனைபவர்கள் பலர், அதற்குச் செலவழித்த தொகையை அப்படியே வீட்டு விலையில் ஏற்றிச் சொல்கிறார்கள். வாங்க வருபவர் அதே அமைப்பைத் தாமே புதிதாகப் பொருத்திக்கொள்ள முடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டு மாடி சோலாருக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. புது அமைப்பின் விலை 1,90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மானியம் போக வாங்குபவருக்கு ஆகும் செலவு 1,12,000 ரூபாய்தான்; ஐந்தாண்டு ஓடிய அமைப்புக்கு அவர் அதற்கு மேல் ஏன் தரப்போகிறார்? தகடுகளுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டு மின் உற்பத்தி உத்தரவாதம் உண்டு என்றாலும், தகடு தரும் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது. இடையில் ஒருமுறையாவது அதை மாற்ற வேண்டிவரும் என்பதையும் அவர் கணக்கில் கொள்வார்.

‘சோலார் வைத்தால் வீட்டு மதிப்பு நான்கு விழுக்காடு கூடும்’ என்ற பேச்சையும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்க வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து அந்நாட்டு வீட்டு விற்பனை இணையதளமான ஸில்லோ 2019இல் வெளியிட்ட 4.1 விழுக்காடு என்ற கணக்கு அது. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு அதைப் பொருத்தினால் நான்கு லட்சம் ரூபாய் வருகிறது. 3 கிலோவாட் அமைப்பைப் புதிதாக வாங்கினாலே அதில் பாதிதான் ஆகும். நம் நகரங்களில் தனி வீட்டின் விலையில் பெரும்பங்கு மனைக்கு உரியது என்பதால், மொத்த விலையில் விழுக்காடு போட்டுப் பார்ப்பதே இங்குப் பொருந்தாது.

சேமிப்பும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குப் பின் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுகிறது. எனவே இரண்டு ஏசி ஓடும் வீட்டில் சோலார் மிச்சப்படுத்துவது விலை உயர்ந்த யூனிட்டுகளை. முதிய தம்பதி மட்டும் வாழும் வீட்டில் அந்தப் பயன் மிகவும் சுருங்கிவிடும். ‘கரண்டு பில்லே வராது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட, தகடு பொருத்துவதற்கு முன்னும் பின்னும் வந்த மின்கட்டணப் பட்டியல்களையும், இன்வெர்ட்டர் செயலியில் பதிவான உற்பத்திக் கணக்கையும் காட்டுவதே நேர்மையான வழி. 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தர வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால் நிழல், தூசி, பழுது ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

என் கருத்தில், விலையை உண்மையில் கெடுப்பது ஆவணக் குறைபாடுதான். தகடுகளின் வரிசை எண்கள் உள்ள ரசீது, உத்தரவாத அட்டைகள், மானிய ஒப்புதல், மின்வாரியத்துக்குப் போகும் உபரி சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் தொடர்பான மின்வாரியத் தாள்கள் ஆகியவற்றை விற்பவர் தேடி எடுத்து வைக்க வேண்டும். வீடு கைமாறிய பின் மின் இணைப்பின் பெயரை மாற்றாமல் விட்டால், பின்னாளில் நெட் மீட்டர் குறித்த எந்த விண்ணப்பத்துக்கும் பழைய உரிமையாளரைத் தேடி அலைய நேரும். அதைவிட ஆபத்தானது, அடைபடாத சோலார் கடன். தகடுகளை மட்டும் ஈடாகக் கொண்டு வங்கி தரும் கடன் வில்லங்கச் சான்றில் தெரியாது. எனவே வாங்குபவர் அதைத் தனியாகக் கேட்க வேண்டும், விற்பவர் கடனை முடித்து வங்கியின் நிலுவையின்மைச் சான்றைக் கையில் தர வேண்டும்.

மாடித் தளத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. மழைநீர் இறங்காமல் இருக்க மாடியின் மேல் போட்ட சுர்க்கித் தளத்தைத் துளைத்துத் தகட்டின் தாங்கு கால்களை நட்ட இடத்தில் நீர் கசிந்தால், தகட்டால் கூடிய மதிப்பைவிடக் கூரையால் குறையும் மதிப்பு பெரிது. 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்ட சென்னையில், தகடுகளைத் தாங்கும் உயரமான சட்டங்கள் எவ்வளவு உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்று வாங்குபவர் கேட்பது நியாயமே. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொருத்திய தகட்டுக்கு விலை கேட்பதே சிக்கல்.

பழைய வீட்டை இடித்துக் கட்டவோ, மேல்தளம் எழுப்பவோ வாங்குபவருக்குத் தகடுகள் ஒரு சுமையாகவே தெரியும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வேறு எண்ணம் வெளிப்படாவிட்டால், வீட்டுடன் அதன் நிரந்தரப் பயனுக்காக அமைந்த பொருள்களும் சேர்ந்து மாறும் என்கிறது. கழற்றக்கூடிய தகடு அதில் அடங்குமா என்ற வாதத்துக்கு இடம் தராமல் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தகடு, இன்வெர்ட்டர், தகட்டைத் தாங்கும் சட்டங்கள் ஆகியவை விலையில் அடக்கமா, அல்லது விற்பவர் எடுத்துச் செல்கிறாரா, எடுத்துச் சென்றால் எந்தத் தேதிக்குள், துளைகளை அடைத்துத் தளத்தைச் சீர்செய்யும் செலவு யாருடையது என்பவை அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக இடம்பெற வேண்டும்.