கப்பிக் கயிற்றை அவிழ்த்து வையுங்கள்

சென்ற சனிக்கிழமை டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆன தம்பி ஒருவர், நான் உட்காரும் முன்பே சமையலறைக் கதவைக் காட்டினார். நிலைக்கு மேலே ஒரு கப்பி, அதில் நைலான் கயிறு, இரு முனையிலும் பழைய துண்டைச் சுற்றிய பிடி. "நானே செய்தேன் அண்ணா. ஒரு நாளைக்கு இருநூறு முறை" என்றார். அந்தப் பெருமையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், எனக்கும் பக்கவாதம் வந்திருந்தபோது, என் வீட்டுக் கதவிலும் இதே கயிறு தொங்கியது.

தினமும் செய்யுங்கள், சோம்பல் படாதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு வீடு ஓர் ஆயா இருக்கிறார். சோம்பலால் கெட்டவர்களைவிட ஆர்வத்தால் கெட்டவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். செய்யக் கூடாதவை சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெடுக்கென்று நீட்டுவது

மடங்கிய முழங்கையைக் கண்டால் உடனே இழுத்து நீட்டத் தோன்றும். அந்த இறுக்கம் தசையின் பிடிவாதம் அல்ல. 'அடங்கு' என்று மூளை அனுப்பும் கட்டளை வந்து சேராததால் தண்டுவடம் தன் போக்கில் துள்ளுகிறது. நீட்டும் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். இந்த இறுக்கத்துக்கு (ஸ்பாஸ்டிசிட்டி) ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் தந்த வரையறையின் உயிர்நாடியே இந்த வேகம்தான். மெதுவாக நீட்டி, அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். விரல்களைத் திறக்குமுன் மணிக்கட்டை உட்பக்கம் மடக்குங்கள். பாதி வேலை தானாக நடக்கும். பாதத்தை மேலே தள்ளும்போது கணுக்கால் படபடவென்று துடித்தால், அவசரப்பட்டுவிட்டீர்கள்.

கப்பிக் கயிறு

என் ஆசை பெரியதல்ல. தைப்பூசத்துக்குள் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி ஒருமுறை அரோகரா சொல்லிவிட வேண்டும். நான்கு மாதம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கப்பி யோசனையைத் தந்தார். வலக்கை இழுக்க, செயலற்ற இடக்கை ஜிவ்வென்று மேலே போனது. அதைப் பார்த்து என் மனைவி அழுதார். கண்ணாடியில் பார்த்தால் கை குணமானது போலவே இருந்தது.

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அந்த 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி, முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. மேற்கை எலும்பும் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். இறுகிய தோளில் இவை இரண்டுமே சரியாக நடப்பதில்லை. மார்புத் தசை கையை உட்பக்கமாகத் திருகிப் பிடித்திருக்கும். தோள்பட்டை எலும்பு கூடவே வராது. கயிற்றுக்கு இது தெரியுமா? அது பாட்டுக்கு இழுக்கும். மேற்கை எலும்பின் முண்டு, தோளுக்குக் கூரைபோல் நீண்டிருக்கும் எலும்பில் போய் இடிக்கும். நடுவில் இருக்கும் தசைநார் நசுங்கும். இருநூறு முறை இழுத்தால் இருநூறு நசுக்கல். உணர்ச்சி மங்கிய கையாக இருந்தால் அந்த வலிகூட உடனே தெரியாது.

எனக்கு ஐந்தாவது வாரம் தெரிந்தது. இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. வலியால் இறுக்கம் கூடியது, இறுக்கத்தால் வலி கூடியது. சட்டை மாட்ட மனைவி கையைத் தொட்டாலே கத்தினேன். தோளுக்கு வைத்தியம் பார்த்ததிலேயே மாதங்கள் ஓடின; மற்றப் பயிற்சிகள் எல்லாம் நின்றுபோயின. தைப்பூசத்தன்று தலைக்கு மேல் வேண்டாம், நெஞ்சுக்கு நேரே கூப்பக்கூட இடக்கை வரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யோசனை சொன்னவர்மேல் அல்ல. தோளில் முதல் முறை சுருக்கென்றபோது "இன்னும் பத்து" என்று எண்ணினேனே, அந்த என்மேல்தான்.

அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2016இல் வெளியிட்ட மறுவாழ்வு வழிகாட்டியிலும் தலைக்கு மேல் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்றே இருக்கிறது. நான் பட்டபின் படித்தேன்.

இதற்குப் பதில் ஒரு மேசையும் துண்டும் போதும். துண்டின்மேல் இரு கைகளையும் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துத் துண்டைத் தள்ளுங்கள். கையின் எடையை மேசை தாங்கிக்கொள்ளும். மல்லாந்து படுத்துச் செய்வதானால், நல்ல கையால் மற்ற முழங்கையைத் தாங்கி, கட்டைவிரல் தலைப்பக்கம் பார்க்க, கை கூரையை நோக்கி நிற்கும் அளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போகலாமா என்பதைத் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்து இயன்முறை மருத்துவர் சொல்லட்டும்.

"வலிக்கவில்லையே அண்ணா" என்றார் தம்பி. நானும் ஐந்து வாரம் அதைத்தான் சொன்னேன்.

இறுக்கம் திடீரென்று கூடினால் பயிற்சியையும் கூட்டுவது

முதலில் வேறு காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், கடிக்கும் செருப்பு எதுவும் இறுக்கத்தைக் கிளப்பும். எங்களோடு பயிற்சி செய்யும் அக்கா ஒருவர் இரண்டு வாரம் காலை நீட்டி நீட்டி ஓய்ந்தார். கடைசியில் பார்த்தால், பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தது.

கொட்டாவியை நம்புவது

கொட்டாவி விடும்போது செயலற்ற கை தானாக எழும். முருகன் கண் திறந்துவிட்டான் என்று கற்பூரம் ஏற்றிய வீடு உண்டு, எங்கள் வீடுதான். அது அனிச்சை. அடுத்த கொட்டாவி வரை கை அங்கேயே கிடக்கும்.

இறுக்கத்தைக் குறைக்கும் பக்லோஃபென் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது

வலிப்பே வரலாம். கூடாது.

பந்து

கைக்குள் பந்தை வைத்துப் பிசைவதும் வேண்டாம். எங்களில் பெரும்பாலோருக்கு விரல்கள் மூடிக்கொள்ளும், திறப்பதுதான் பாடு. மூடும் தசையையே மேலும் முறுக்கேற்றி என்ன பயன்? பிடித்த தம்ளரை விட்டுப் பழகுங்கள்.

அந்தத் தம்பியின் மேசைமேல் மஞ்சள் பந்து ஒன்றும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரே நாளில் கயிறும் போய்ப் பந்தும் போனால் மனிதர் உடைந்துவிடுவார்.