4.2 கெல்வினில் செம்புக் கம்பியின் வெப்பக் கடத்துத்திறனை அளப்பது எப்படி?

அறை வெப்பநிலையில் மின்கம்பிச் செம்பு எதை எடுத்தாலும் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட்தான். திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் அப்படியில்லை. ஒரு கம்பி 300 காட்டும், தூய்மையான இன்னொன்று ஆயிரங்களில் காட்டும். அந்தக் குளிரில் எலக்ட்ரானை மறிப்பவை மாசும் படிகக் குறைகளும்தான். அட்டவணை உதவாது, கையிலுள்ள கம்பியையே அளக்க வேண்டும்.

1 மி.மீ. விட்டக் கம்பியின் ஒரு முனையைக் குளிர்ந்த செம்புத் தளத்தில் இறுக்குங்கள். மறுமுனையில் 10 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், அதுதான் ஹீட்டர். நடுவில் 40 மி.மீ. இடைவெளியில் கத்திமுனை போன்ற இரண்டு கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு செர்னாக்ஸ் (கடுங்குளிருக்கான மின்தடை வகை) வெப்பமானி. கிளிப் அகலமாக இருந்தால் எங்கிருந்து எங்கே அளந்தோம் என்பதே தெரியாது. பதப்படுத்திய (சூடாக்கி ஆறவிட்டு மென்மையாக்கிய) கம்பியை மாட்டும்போது வளைத்துவிடாதீர்கள். அறையில் வித்தியாசம் தெரியாது, 4 கெல்வினில் தெரியும்.

0.35 மில்லி ஆம்பியர் செலுத்தினால் ஹீட்டரில் 1.2 மில்லிவாட். கடத்துத்திறன் 600 என்றால் கிளிப்புகளுக்கிடையே 0.1 கெல்வின் வேறுபாடு வரும். இந்தச் சிறிய வேறுபாட்டில் வெப்பமானிகள் 5 மில்லி கெல்வின் பொய் சொன்னாலே 5 சதவீதம் போச்சு. அதனால் முதலில் ஹீட்டரை அணைத்து, தளத்தைச் சற்றே சூடாக்கி, பல வெப்பநிலைகளில் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஹீட்டருக்கு நான்கைந்து வெவ்வேறு வாட் அளவுகள் கொடுத்து அளந்து, வாட்டுக்கு எதிரே வெப்பநிலை வேறுபாட்டை வரைந்த கோட்டின் சாய்விலிருந்து கணக்கிடுங்கள்.

ஹீட்டருக்கு ஏன் 1 கிலோ ஓம் போதாது? ஹீட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகும் 0.1 மி.மீ. மாங்கனின் (வெப்பத்தை அதிகம் கடத்தாத செம்புக் கலவை) வயர் மீட்டருக்குச் சுமார் 60 ஓம். 20 செ.மீ. நீளத்தில் போக ஒன்று, வர ஒன்று என்றால் 24 ஓம். அதில் பிறக்கும் சூட்டில் பாதி மாதிரிக்குள், அதாவது நாம் அளக்கும் கம்பிக்குள் வரும்: 1 கிலோ ஓமில் 1.2 சதவீதப் பிழை, 10 கிலோ ஓமில் அதில் பத்தில் ஒரு பங்கு. மாங்கனினுக்குப் பதில் செம்பு வயர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெப்பம் அதன் வழியே நழுவும். எல்லா வயர்களையும் தளத்தில் சுற்றி, வார்னிஷ் போட்டு ஒட்டிய பிறகே மாதிரிக்குக் கொண்டுபோங்கள்.

மாதிரியைச் சுற்றி 4 கெல்வினில் ஒரு செம்புக் கவசம் கட்டாயம். 77 கெல்வின் கரும்பரப்புகூடச் சதுர செ.மீ.க்கு 0.2 மில்லிவாட் வீசும். குளிர்விக்க ஹீலியம் வாயு விட்டிருந்தால், அளக்குமுன் முழுதாக வெளியேற்றுங்கள். மிச்சம் இருந்தால் ஹீட்டரின் சூடு கம்பியை விட்டு வாயுவில் போகும், கடத்துத்திறன் கூடுதலாகத் தெரியும்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. அதே கிளிப்புகளுக்கிடையே மின்தடையையும் அளந்துவிடுங்கள். வெப்பக் கடத்தலை (ஹீட்டர் வாட்டை வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்தது) மின்தடையால் பெருக்கி வெப்பநிலையால் வகுத்தால், வீட்மன்–ஃபிரான்ஸ் விதிப்படி 2.44 × 10⁻⁸ வாட் ஓம்/கெல்வின்² வர வேண்டும். நீளமும் குறுக்குப் பரப்பும் இதில் அடிபட்டுப்போகின்றன. தடை 9 மைக்ரோ ஓம் அளவில்தான் இருக்கும். 100 மில்லி ஆம்பியர் விட்டு, திசையை மாற்றி மாற்றி அளந்து, இரு அளவுகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வெப்பமின் அழுத்தம் (வெப்பநிலை வேறுபாட்டால் வயர்களில் தானாக எழும் மின்னழுத்தம்) கழிந்துவிடும். விடை 2.44-க்குப் பதில் 2.6, 2.7 என்று ஏறினால் வெப்பம் எங்கோ கசிகிறது: முதலில் வெற்றிடத்தைப் பாருங்கள், அடுத்து வயர்களை.