ஷட் டவுன் செய்தும் முழுதாக அணையாத கணினி: விண்டோஸ் தொடக்கத்தைச் சீராக்குவது எப்படி?

அம்மாவின் மடிக்கணினியில் கடவுச்சொல் கொடுத்து பிரவுசர் திறக்க நான்கு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. விண்டோஸ் 11-இல் செய்ததை எழுதுகிறேன். 10-இலும் ஏறக்குறைய இதேதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஸ்டார்ட்அப் இம்பாக்ட் 'ஹை' என்றிருக்கும் அரட்டை, பாட்டு, விளையாட்டுச் செயலிகளை வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். செயலி அழியாது; தானாகத் திறக்காது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ பக்கம் போக வேண்டாம். அழகி, என்எச்எம் ரைட்டர் வைத்துத் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் அதையும் விட்டுவிடுங்கள்.

இதற்காக 'வேகம் கூட்டும்' மென்பொருள் எதையும் நிறுவாதீர்கள். அதுவே தொடக்கப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டாஸ்க் மேனேஜர் போதவில்லை என்றால் தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி ஆட்டோரன்ஸ் இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் வேகம் வரவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. அப்புறம்தான் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், சிபியு என்ற இடத்தில், 'அப் டைம்' (கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்) 11 நாள் என்றிருந்ததைக் கவனித்தேன். அம்மா தினமும் இரவு ஷட் டவுன் செய்பவர்!

காரணம், விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தால் நம் செயலிகள் மூடப்படும். ஆனால் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருட்கள்) இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வரும். ஏதாவது கோளாறு இருந்தால் அதுவும் கூடவே வரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

இதை நிறுத்த: கன்ட்ரோல் பேனல், ஹார்டுவேர் அண்ட் சவுண்ட், பவர் ஆப்ஷன்ஸ், பிறகு இடப்பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ'. கீழே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மங்கலாகத் தெரியும், கிளிக் ஆகாது. நான் முதலில் இங்கேதான் திரும்பி வந்துவிட்டேன். மேலே சின்ன எழுத்தில் 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அழுத்தினால் பூட்டு திறக்கும். டிக்கை எடுத்து, சேவ் சேஞ்சஸ் கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத் தயங்காமல் நிறுத்தலாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதை நிறுத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதே மேல் என்பேன்.

பின்சேர்க்கை: அந்த டிக் பெட்டியே தங்கள் கணினியில் இல்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் ஹைபர்னேட் (கணினியின் நிலையை வட்டில் சேமித்துவிட்டு அணைக்கும் வசதி) அணைக்கப்பட்டிருக்கும். அது இல்லாமல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்காது, ஆகவே நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். அங்கே ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள், அந்த ஒருமுறை முழுதாக அணையும்.