கோழி செல்லில் டெலோமியர் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதனுக்கும் எலிக்கும் போட்ட கணக்கை அப்படியே கோழிக்கும் போடுவதுதான் இந்த ஆய்வில் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனிப் பகுதி. அங்கே திரும்பத் திரும்ப வரும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி டிஎன்ஏ வரிசை எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொதுவானது என்பதால் இந்த மயக்கம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் கோழியின் ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ, மனித ஜீனோமில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் டெலோமியர் வரிசை பிடித்திருக்கும் பங்கோ மனிதனில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு.

எனவே "சராசரி டெலோமியர் நீளம்" என்று ஒரே எண்ணைச் சொல்வதை முதலில் கைவிட வேண்டும். கோழியில் மூன்று வகை உண்டு. ஒன்று, குரோமோசோமின் நடுவே கிடக்கும் குட்டித் தொடர்கள். இரண்டாவது, நுனியில் 10 முதல் 40 ஆயிரம் கார இணைகள் வரை நீளும் தொடர்கள். செல் பிரியப் பிரியக் குறைவது இவைதான். மூன்றாவது வகை லட்சக்கணக்கில் நீண்டு, சிலவற்றில் 20 லட்சத்தையும் தொடும். அவற்றைச் சில நுண்குரோமோசோம்களிலும், பெட்டைக்கு மட்டுமே உள்ள டபிள்யூ குரோமோசோமிலும் கண்டிருக்கிறார்கள். டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் சாதாரண அகரோஸ் ஜெல்லில் இந்த ராட்சதத் தொடர்கள் பிரியாமல் மேலேயே தேங்கி நிற்கும், மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிப் பெரிய துண்டுகளையும் பிரிக்கும் பல்ஸ்டு-ஃபீல்டு ஜெல்தான் வேண்டும். டிஎன்ஏவைப் பெருக்கி அளவிடும் குவான்டிடேட்டிவ் பிசிஆர் மூன்று வகையையும் சேர்த்து எண்ணிவிடும், அதனால் இரண்டாம் வகை குறைந்திருந்தாலும் மொத்தத்தில் அது தெரியாமல் போகலாம். நடுவில் கிடப்பவற்றை ஒதுக்க, பால்-31 நொதியால் நுனியை அரித்துப் பார்க்க வேண்டும்: எது சுருங்குகிறதோ அதுவே உண்மையான நுனி. சேவல் கருவையும் பெட்டைக் கருவையும் கலக்கக் கூடாது. இனமும் வளர்ப்பு வரிசையும் மாறினால் ராட்சதத் தொடர்களும் மாறும் என்பதால் அவற்றையும் குறித்து வையுங்கள்.

ரத்த மாதிரியிலும் கவனம் வேண்டும். கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. அதனால் கிடைக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் சிவப்பணுவினுடையது. மனித ரத்தத்தில் அது வெள்ளையணுவிலிருந்து வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

அப்புறம், டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் புரதப் பகுதிக்கான டெர்ட் மரபணு. இதன் ஆர்என்ஏ பல விதமாக வெட்டி ஒட்டப்படுகிறது. வெட்டு மாறியதால் வரும் வடிவம் வேறு, கோழிக்குக் கோழி வேறுபடும் டிஎன்ஏ எழுத்து மாற்றம் வேறு. இரண்டையும் "மரபணு வேறுபாடு" என்று ஒரே பெயரில் எழுதாதீர்கள். டெர்ட் ஆர்என்ஏ கூடினால் டெலோமரேஸ் வேலை செய்கிறது என்றும் முடிவு கட்ட வேண்டாம், டெலோமரேஸின் செயல்பாட்டை அளக்கும் டிராப் சோதனையில் அதை நேரடியாகப் பாருங்கள். டிடி40 போன்ற புற்றுச் செல் வரிசையில் கண்டதைக் கருவிலிருந்து எடுத்த சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு (இணைப்புத் திசுச் செல்லுக்கு) ஏற்றிச் சொல்வதும் தவறு. டிடி40-இல் டெலோமரேஸ் இயங்குகிறது, ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ப்பில் சில காலம் பிரிந்து நின்றுவிடும்.

கோழிகளுக்கு ஒரு ஹெர்பிஸ் வைரஸால் வரும் மாரெக்ஸ் நோய்க் கட்டியிலிருந்து வந்த செல் என்றால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த ஹெர்பிஸ் வைரஸ் டெலோமரேஸின் ஆர்என்ஏ பகுதிக்குத் தன் சொந்தப் பிரதி ஒன்றை வைத்திருக்கிறது, கோழியினுடையதோடு அது 88 சதவீதம் ஒத்துப்போகிறது. வைரஸ் மரபணுத் தொகுதியின் முனைகளிலும் டெலோமியர் வரிசை உண்டு, அது கோழியின் டெலோமியருக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பிரைமர்களை (பிசிஆரில் பிரதியெடுப்பைத் தொடங்கி வைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை) இரண்டு பிரதிகளும் வேறுபடும் இடத்தில் அமைத்தால்தான் அளப்பது கோழியுடையதா, வைரஸுடையதா என்று தெரியும்.